பயந்த நாயோடு பெங்களூருக்குக் குடிவருகிறீர்களா? வீடு பார்ப்பதிலிருந்து தெருவில் இறங்குவதுவரை ஒரு வழிகாட்டி

ஊரில் வாசலும் கொல்லையுமாக வளர்ந்த நாயை பெங்களூர் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிவந்தால், முதல் சில வாரங்கள் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. சாப்பிடாது, மூலையில் ஒடுங்கிக்கொள்ளும். லிஃப்ட்டைக் கண்டால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுக்கும். நாம் கதவைச் சாத்திவிட்டுப் போனால் மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி ஊளையிடும். எங்கள் செவலை திண்டுக்கல்லில் வளர்ந்த நாட்டு நாய். அம்மா எங்களோடு பெங்களூருக்கே வந்துவிட்டதால் அவனும் வந்தான். அவனைப் பழக்க நாங்கள் பட்ட சிரமத்தில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியம் வரிசை. முதலில் ஓர் அறை, பிறகு வீடு, அப்புறம் வராண்டாவும் லிஃப்ட்டும், அதன்பின் தெரு. ஊர் சுற்றுவது கடைசி. ஒரு கட்டம் நாய்க்குச் சலித்துப்போன பிறகுதான் அடுத்த கட்டம். அவசரப்பட்டால் பழகியதும் கெட்டுப்போகும்.

1. வீடு பார்க்கும்போதே நாயைச் சொல்லிவிடுங்கள்

புரோக்கரிடம் பேசும் முதல் போனிலேயே "நாய் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். பாதி வீடுகள் அங்கேயே கழிந்துவிடும். கழியட்டும். மறைத்துக் குடிபோய், நாய் குரைத்த அன்றைக்கு ஓனர் காலி செய்யச் சொன்னால் இன்னொரு இடமாற்றத்தை அந்த நாய் தாங்காது.

ஓனர் வாயால் "பரவாயில்லை" என்றால் போதாது. 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, நாய் வளர்க்கச் சம்மதம் என்பது. இரண்டு, நாயால் சேதம் வந்தால் பழுதுபார்க்க ஆன செலவை ரசீதுப்படி மட்டும் அட்வான்ஸில் கழிக்கலாம் என்பது. இந்த "ரசீதுப்படி"யை விட்டுவிடாதீர்கள். பெங்களூரில் ஐந்தாறு மாத வாடகையாவது அட்வான்ஸாகக் கேட்பார்கள், பத்து மாதம் கேட்கிறவர்களும் உண்டு. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். அதற்கு மேல் "நாய் இருந்ததே" என்று ஒரு தொகையைப் பிடித்தால் பேசுவதற்கு உங்கள் கையில் எழுத்து வேண்டும். சாவி வாங்கிய அன்றே கதவு, நிலை, அலமாரி எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

அசோசியேஷன் விஷயம் வேறு. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. லிஃப்ட்டில் ஏற்றக்கூடாது என்றோ, அதற்குத் தனிக் கட்டணம் என்றோ சொல்ல முடியாது. பொது இடத்தில் கயிற்றோடு கூட்டிப்போவதும் அசுத்தம் செய்தால் எடுத்துப் போடுவதும் நம் பொறுப்பு. அந்த வழிகாட்டுதலை போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் நாளே நீட்டாதீர்கள். செக்யூரிட்டியையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் நேரில் பார்த்து, "நாய் புதுசு, கொஞ்ச நாள் குரைக்கும், பழக்கிக்கொண்டிருக்கிறோம்" என்று சொன்னாலே பெரும்பாலான புகார்கள் வராது.

ராட்வைலர், பிட்புல் மாதிரி நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடைசெய்யச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையை அதே ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பழைய செய்தியைக் காட்டி யாராவது மிரட்டினால் இதைச் சொல்லுங்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் தரைத்தளமோ முதல் மாடியோ பாருங்கள். பயந்த நாய்க்கு லிஃப்ட் இல்லாமல் இறங்க முடிவது பெரிய வரம். பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறதா என்றும் பாருங்கள். கான்கிரீட் மிக்ஸர் சத்தத்தில் எந்த நாயும் பழகாது. பால்கனியில் புறாவுக்கு அடித்த வலை நாயைத் தாங்காது, கிரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. கிளம்புமுன் காகிதங்கள்

ஊரில் வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் மூன்று வாரத்துக்கு முன்பே போய்விடுங்கள். ரேபிஸ் ஊசி போட்டு ஓராண்டு முடியப்போகிறது என்றால் அங்கேயே போட்டுவிடலாம். லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பும் அடங்கிய கூட்டு ஊசியையும் கேளுங்கள். பெங்களூரில் மழைத் தண்ணீரும் எலியும் சேர்ந்த தெருக்களில் அது தேவைப்படும். கிளம்பும் வாரத்தில் ஊசி வேண்டாம். ஊசியின் அசதியும் பயணத்தின் மிரட்சியும் ஒன்றாக வந்தால், நாய் எதனால் சுருண்டு கிடக்கிறது என்று நமக்கே தெரியாது.

கையில் இருக்க வேண்டியவை: தடுப்பூசிப் புத்தகம், பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவர் சான்று, இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகள், நாயின் நேர்முக, பக்கவாட்டுப் போட்டோக்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து போனிலும் வைத்திருங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் பொறித்த தகடு கட்டாயம். ஊர் வீட்டு விலாசம் இருந்தால் கழற்றிவிடுங்கள். முடிந்தால் மைக்ரோசிப்பும் போடலாம். தோலுக்கு அடியில் போடும் அந்தச் சிப்பில் 15 இலக்க எண் இருக்கும், ஸ்கேனர் வைத்தால் தெரியும். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டும் என நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். காட்டாது.

3. பயண நாள்

ரயிலில் நாயை நம்மோடு வைத்துக்கொள்ள ஏசி முதல் வகுப்பில்தான் முடியும். அதுவும் கூப்பேயோ (இருவர் அறை) கேபினோ (நால்வர் அறை) முழுவதையும் நாமே பதிவு செய்திருக்க வேண்டும். செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, ஸ்லீப்பரில் அனுமதி இல்லை. மற்ற வழி, ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. பயந்த நாயை இருட்டிலும் சத்தத்திலும் தனியாக ராத்திரி முழுக்க அதில் போட்டு அனுப்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எப்படிப் போனாலும் பார்சல் ஆபீசில் எடைக்குத் தகுந்த கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும், மருத்துவர் சான்றும் கேட்பார்கள். நேரத்துக்கு முன்பே போங்கள்.

கார்தான் நல்லது. வாடகைக் கார் என்றால் நாய் வருகிறது என்பதை பதிவு செய்யும்போதே சொல்லி, டிரைவரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். எங்களுக்குப் பதிவை எடுத்த ஏஜென்சி டிரைவரிடம் சொல்லாமலே வண்டியை அனுப்பிவிட்டது. விடிகாலையில் வாசலில் நின்று புதிதாக வண்டி தேடும்படி ஆயிற்று.

மூட்டை கட்டும் ஆட்கள் வரும் நாளில் நாயை ஓர் அறையில் அடைத்து யாராவது கூட இருங்கள், இல்லையென்றால் தெரிந்தவர் வீட்டில் விடுங்கள். திறந்த கதவு, அந்நிய ஆட்கள், சாமான் இழுக்கும் சத்தம் மூன்றும் சேர்ந்தால் நாய் ஓடிவிடும். அதன் படுக்கையைத் துவைக்காதீர்கள். எவ்வளவு நாறினாலும் அப்படியே கொண்டுவாருங்கள். புது வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே வாசனை அதுவாகத்தான் இருக்கும்.

கிளம்ப நான்கு மணி நேரத்துக்கு முன் கொஞ்சமாகச் சாப்பாடு போதும். விடிகாலையில் கிளம்பினால் வெயிலும் தப்பும். சேலம் வழியாக வருகிறவர்களுக்கு தொப்பூர் கணவாய் வளைவுகளில்தான் நாய் வாந்தி எடுக்கும். அதற்கு முன்பே நிறுத்தி இறக்கி நடக்கவிடுங்கள். வாந்திக்கு நாய்களுக்கென்றே மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கார் கதவைத் திறக்குமுன் கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும். ஓசூர் தாண்டினால் நிறுத்த நல்ல இடம் கிடைப்பது கஷ்டம், அத்திப்பள்ளிக்கு முன்பே கடைசி நிறுத்தத்தை முடித்துவிடுங்கள்.

4. முதல் நாட்கள்: ஒரே ஓர் அறை

வீட்டுக்குள் நுழைந்ததும் முழு வீட்டையும் காட்டாதீர்கள். தெருச்சத்தம் குறைவான ஓர் அறையில் பழைய படுக்கை, தண்ணீர், உங்கள் பழைய துணி ஒன்று வையுங்கள். அறைக்கதவைத் திறந்தே வைத்துவிட்டு நீங்களும் அங்கேயே தரையில் உட்காருங்கள், படியுங்கள், போன் பாருங்கள். நாயைக் கூப்பிட வேண்டாம், தூக்க வேண்டாம். அதுவாக வரும்போது வரட்டும்.

செவலை வந்த அன்று நேராக யுட்டிலிட்டிக்குள் (துணி துவைக்கும் சின்ன இடம்) போய் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே பின்பக்கமாக நுழைந்துகொண்டான். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு மூக்கை நக்கிக்கொண்டே இருந்தான், கண்ணின் வெள்ளை ஓரம் தெரிந்தது. அம்மா அவன் பக்கத்திலேயே மணையைப் போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இருட்டும் நேரத்தில்தான் கழுத்தை நீட்டி அவர் புடவையை மோந்து பார்த்தான். இழுத்து வெளியே எடுத்திருந்தால் கடித்திருப்பான், கடித்தாலும் அவன்மேல் தப்பில்லை.

அந்த அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, வெயிலில்லாமல் இரைப்பது, வாலைக் கால்களுக்கு இடையில் இடுக்குவது, ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி நடப்பது, முடி கொத்தாக உதிர்வது எல்லாமே பயம்தான். பயப்படும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று உங்களுக்கு யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். அது தவறு. நாய் உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள், ஆறுதல் பயத்தை வளர்க்காது. திட்டுவதும் அடிப்பதும்தான் வளர்க்கும்.

வழுவழு டைல்ஸ் இன்னொரு தொல்லை. மண்ணிலும் சிமெண்டிலும் நடந்த நாய்க்குக் கால் வழுக்கும். வழுக்கினால் நடக்கவே பயப்படும். ஜமுக்காளம், சாக்கு, பழைய யோகா பாய் எதையாவது படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை விரித்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் இங்கே குளிரும், தரையில் வெறுமனே படுக்க விடாதீர்கள்.

காலிங் பெல் இந்த ஊரில் நாள் முழுக்க அடிக்கும். முதல் மாதம் பெல்லை அணைத்துவிடுங்கள். ஸ்விக்கி, அமேசான் எல்லாவற்றிலும் "பெல் அடிக்க வேண்டாம், வாசலில் வைக்கவும்" என்று குறிப்பு போட்டுவிடலாம். "நாயைப் பார்க்க வரோம்" என்கிற சொந்தக்காரர்களுக்கும் மூன்று வாரம் தவணை சொல்லுங்கள். நாய் வளர்ப்போர் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: மிரட்சி தணிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று ஆக மூன்று மாதம். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது, ஆனாலும் நம் பொறுமைக்கு ஓர் அளவுகோலாக உதவும்.

5. சாப்பாடு

ஊரில் என்ன கொடுத்தீர்களோ அதையே கொடுங்கள். தயிர்சோறானாலும் கோழிச்சோறானாலும் அதே கிண்ணம், அதே நேரம். வேறு உணவுக்கு மாற்றுவதென்றால் ஒரு மாதம் கழித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பல குடியிருப்புகளில் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான் வரும், நீங்கள் குடிக்கும் தண்ணீரையே நாய்க்கும் வையுங்கள். முதல் நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். வளர்ந்த நாய் இரண்டு நாளாகியும் எதையும் தொடவில்லை என்றாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை என்றாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

6. ஒன்றுக்கு, இரண்டுக்கு

கொல்லையில் போய்ப் பழகிய நாய் சிமெண்ட் தரையில் போகாது. கயிறு கட்டியிருந்தால் போகாது. நாம் பார்த்துக்கொண்டிருந்தாலும் போகாது. அடக்கிக்கொண்டே இருக்கும், கடைசியில் படுக்கையறை மூலையில் போய்விடும்.

இதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது ஊர் மண். கொல்லையில் அவன் வழக்கமாகப் போகும் இடத்து மண்ணை ஒரு சிமெண்ட் சாக்கில் அள்ளி வந்து, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி யுட்டிலிட்டியில் வைத்தோம். மோந்து பார்த்தான், சுற்றினான், போனான். பிறகு அந்த மண்ணில் ஒரு பிடியை கீழே மரத்தடியில் தூவி, அங்கேயும் பழக்கினோம். கிளம்பும் நாளில் ஒரு சாக்கு மண்ணை வண்டியில் ஏற்ற மறக்காதீர்கள். காசு செலவில்லை, பலன் பெரிது.

வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாமல் துடையுங்கள். ஃபினாயில் மட்டும் போட்டால் அந்த வாசனை நாய்க்குப் போவதில்லை, மறுபடி அங்கேயேதான் போகும். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கிளீனர் என்று கேட்டால் கிடைக்கும். 24 மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

7. வராண்டா, லிஃப்ட்

லிஃப்ட் இருக்கும் மாடியில் வீடு என்றால் இந்தக் கட்டத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். சிறிய பெட்டி, தானாக மூடும் கதவு, காலடியில் அசையும் தரை, திடீரென்று உள்ளே வரும் அந்நியர். நாய்க்கு இதைவிடப் பயங்கரம் இல்லை.

ஆள் நடமாட்டமில்லாத நேரமாகப் பாருங்கள். பிற்பகல் இரண்டு மணி அல்லது ராத்திரி பதினொன்று. முதல் சில நாள் லிஃப்ட் இருக்கும் பக்கம் போய், தூரத்திலேயே நின்று, வேகவைத்த கோழித் துண்டு கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். பிறகு கதவு திறந்து மூடுவதை எட்டி நின்று பார்க்கட்டும், அதற்கும் துண்டு. அப்புறம் ஒருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள, உள்ளே போய்ச் சாப்பிட்டு வெளியே வரட்டும். கதவை மூட வேண்டாம். அது தயங்காமல் உள்ளே வர ஆரம்பித்த பிறகுதான் ஒரு மாடி. துண்டை வாங்கிச் சாப்பிட மறுத்தால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம், ஒரு படி பின்வாங்குங்கள்.

அதுவரை மாடிப்படிதான். நம்மால் தூக்க முடிகிற எடையுள்ள நாயென்றால் தூக்கிக்கொண்டு இறங்கலாம். லிஃப்ட்டுக்குள் கயிற்றோடு இழுத்துப்போட்டுக் கதவை மூடும் வேலை வேண்டவே வேண்டாம். கயிறு கதவிடுக்கில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. லிஃப்ட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் கயிறு முழுவதும் உங்கள் கையில் சுருட்டியிருக்க வேண்டும்.

8. தெரு

2023-ல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பின்படி பெங்களூரில் சுமார் 2.79 லட்சம் தெருநாய்கள். ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம். புது நாய் வந்தால் அவை குரைத்துக்கொண்டு வரத்தான் செய்யும். முதலில் நீங்கள் மட்டும் நாயில்லாமல் காலையும் இரவும் நடந்து, எந்தத் திருப்பத்தில் எத்தனை இருக்கின்றன, யார் சோறு வைக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். சோறு வைப்பவரிடம் பழகிக்கொண்டால் ரொம்ப நல்லது. அவர் கூட வந்து நின்றால் அந்தக் கூட்டம் சத்தமில்லாமல் ஒதுங்கும்.

பயந்த நாய் பின்னால் இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். அதனால் உடம்போடு பொருந்தும் ஹார்னஸ் (மார்புப்பட்டை) ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு. ஹார்னஸுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். நீளும் கயிறு இந்த ஊர் போக்குவரத்துக்கு ஆகாது.

விடிகாலை ஐந்தரை மணிவாக்கில், பத்து நிமிஷம், ஒரே வழி. ஒரு வாரம் அதே வழியில் போங்கள். மோந்து பார்க்க விடுங்கள், நடைதூரம் முக்கியமில்லை. குழந்தைகள் ஓடிவந்து தொடப் பார்ப்பார்கள். கன்னடத்தில் "கச்சுத்தா?" (கடிக்குமா?) என்று கேட்டால் "கச்சல்ல" என்று சொல்லிவிடாதீர்கள், கடிக்காது என்று கேட்டதும் உடனே தொட்டுவிடுவார்கள். "முட்டபேடி, அதக்கெ பய" என்று சொல்லுங்கள், தொடாதீங்க, அதுக்குப் பயம் என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ஹலசூரு, ஸ்ரீராம்புரம் பக்கமெல்லாம் தமிழிலேயே சொல்லலாம்.

கப்பன் பார்க்கில் நாய்களுக்கென்று பகுதி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகலாம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பழகிய நாய்க்கு அது நல்ல இடம். உங்கள் நாய்க்கு மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

வீடு திரும்பியதும் காது, கால்விரல் இடுக்கு, வாலடியில் உண்ணி பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே அதிகம். மந்தமாகக் கிடப்பது, சாப்பிடாதது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம் வருவது எல்லாம் அதன் அறிகுறிகள். புது இடத்து ஏக்கம் என்று நினைத்து நாளைக் கடத்தாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

9. வீட்டில் தனியே விடுவது

பெங்களூருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். திங்கட்கிழமை ஆபீஸ், நாய் தனியாக, பத்து மணிக்கு அசோசியேஷன் குரூப்பில் புகார். முடிந்தால் வந்த முதல் இரண்டு வாரமும் லீவோ வீட்டிலிருந்து வேலையோ வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருவர் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் மாறி மாறி எடுங்கள்.

முதலில் அது பயமா, போரடிப்பா என்று பிரித்துப் பாருங்கள். பழைய போனில் வீடியோ ஓடவிட்டு வெளியே போங்கள். செருப்பைக் கடித்துவிட்டுத் தூங்கினால் போரடிப்பு. நீங்கள் போன சில நிமிஷத்திலேயே கதவுநிலையைப் பிறாண்டுவது, எச்சில் ஒழுக இரைப்பது, ஊளையிடுவது, வீட்டில் பழகியும் ஒன்றுக்குப் போவது என்றால் பயம். நல்ல கோழித் துண்டை வைத்துவிட்டுப் போயும் நீங்கள் வரும்வரை தொடாமல் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பயத்துக்கு மருந்து, பிரிவை மிகச் சிறிய அளவில் பழக்குவது. சாவி, லேப்டாப் பை, ஹெல்மெட் இதையெல்லாம் எடுத்தாலே அது இரைக்க ஆரம்பிக்கும். அதனால் எடுத்துவிட்டு எங்கேயும் போகாமல் உட்காருங்கள். ஹெல்மெட்டோடு சமையலறையில் காபி போடுங்கள். சாவி எடுத்தால் பிரிவு என்ற எண்ணம் கலைய வேண்டும். அப்புறம் கதவைத் திறந்து மூடுவது. அப்புறம் வெளியே போய் ஐந்து நொடியில் திரும்புவது, பிறகு பத்து, மறுபடி ஐந்து, பிறகு அரை நிமிஷம். அது பதறும் முன்னாலேயே திரும்ப வேண்டும். வீடியோவில் அது காதை மட்டும் தூக்கிவிட்டுப் படுத்திருந்தால் நீட்டலாம். எழுந்து கதவருகே போய் முனக ஆரம்பித்தால் நேரத்தைக் குறையுங்கள். அரை மணி நேரம் தாங்க ஆரம்பித்துவிட்டால் அதன்பின் வேகமாகக் கூட்டலாம்.

இதைப் பழக்கும் வாரங்களில் மற்ற நேரத்தில் அதைத் தனியே விடக்கூடாது, விட்டால் பழக்கியது வீணாகும். அம்மா, அப்பா, பக்கத்து வீட்டுப் பெரியவர், மணிக்கணக்குக்கு வரும் ஆள், பகல்நேரக் காப்பகம் என்று ஏதாவது ஏற்பாடு வேண்டும். காப்பகத்துக்கு நாளுக்கு ஐநூறிலிருந்து ஆயிரம் ரூபாய்க்கு மேல்வரை கேட்கிறார்கள். அந்தச் செலவை இடமாற்றக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். விடுவதற்கு முன் நேரில் போய், நாய்களைக் கட்டிப்போட்டிருக்கிறார்களா, எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

கூண்டில் பூட்டிவிட்டுப் போகச் சொல்வார்கள். கூண்டு பழகாத நாய் பீதியில் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். துணைக்கு இன்னொரு நாய் வாங்கச் சொல்வார்கள். அது ஏங்குவது மனிதருக்கு, அதனால் பெரும்பாலும் பலனிருக்காது. திரும்பி வந்து கடித்துப்போட்டதைக் காட்டித் திட்டினால் தலையைத் தாழ்த்திக்கொள்ளும். செய்த தப்பு தெரிந்து அப்படிச் செய்வதில்லை, உங்கள் முகத்தைப் பார்த்து பயந்து செய்கிறது.

10. இடி, வெடி

ஏப்ரல், மே மாலைகளில் இங்கே இடிமழை சகஜம். விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்துக்கும் தீபாவளிக்கும் சத்தம் வாரக்கணக்கில் நீளும். குடிவரும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால், ஜன்னல் குறைந்த அறை, தடித்த திரை, ஃபேனும் டிவியும் ஓடட்டும், கூடவே நீங்கள். அன்றைக்கு நடையை மாலை ஐந்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

11. மருந்து, மருத்துவர்

வந்த முதல் வாரத்திலேயே, ஒன்றும் இல்லாவிட்டாலும், அருகிலுள்ள மருத்துவரைப் போய்ப் பார்த்து ஒரு கோப்பு திறந்துவிடுங்கள். தனியார் கிளினிக்கில் பார்க்க ஐநூறு ரூபாய்வாக்கில் ஆகும். ராத்திரியில் திறந்திருக்கும் இடம் எது என்று அங்கேயே கேட்டு எழுதி வையுங்கள். பெரிய சிக்கல் என்றால் ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம்.

ஒரு மாதம் பொறுமையாகப் பழக்கியும் பீதி குறையவில்லை என்றால் மருந்து கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஃப்ளுவாக்ஸெடின் போன்றவை நாய்களுக்கும் கொடுக்கப்படுகின்றன. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், நடுவில் நாமாக நிறுத்தக் கூடாது. மருந்து பயத்தைத் தணிக்கும், பழக்க வேண்டியது நாம்தான். வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரை, பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள். நாய்க்கு அவை விஷமாகலாம். "மூன்றே நாளில் சரிசெய்கிறேன்" என்று சொல்லி, மின்சாரப் பட்டையோ முள் பட்டையோ எடுக்கும் பயிற்சியாளரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

12. லைசென்ஸ்

பெங்களூரில் நாய்க்கு மாநகராட்சி லைசென்ஸ் எடுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ரேபிஸ் ஊசிச் சான்று, விலாசச் சான்று, நாயின் போட்டோ தயாராக வைத்திருங்கள். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின்கீழ் வந்துவிட்டது. உங்கள் பகுதி எதில் வருகிறது என்று முதலில் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு செய்தால் போதும்.

13. ஒருவேளை தப்பி ஓடிவிட்டால்

துரத்தாதீர்கள், கூட்டமாகக் கூவாதீர்கள், இன்னும் தூரம் ஓடும். எங்கே பதுங்கியிருக்கிறது என்று தெரிந்தால் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்கார்ந்து, கோழித் துண்டுகளை எறிந்து காத்திருங்கள். தெரியாவிட்டால் கடைசியாகப் பார்த்த இடத்தில் அதன் துவைக்காத போர்வையையும் உங்கள் துணியையும் போட்டு வையுங்கள். தேடுவதற்கு ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்துக்குள் நல்ல நேரம், தெரு அடங்கியிருக்கும். செக்யூரிட்டிகள், பால் போடுபவர், துப்புரவுப் பணியாளர், சோறு வைப்பவர் ஆகியோரிடம் போட்டோவும் நம்பரும் கொடுங்கள், ஆன்லைன் பதிவைவிட அவர்கள் கண்தான் முதலில் பார்க்கும். நிறுத்திவைத்த கார்களின் அடி, பேஸ்மெண்ட் மூலை, கட்டிமுடிக்காத கட்டடம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கிடைத்ததும் உடம்பு முழுக்கக் கடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சின்னக் கீறலானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசி போட்ட நாய்க்கும் கடிபட்ட பிறகு மறுபடி ரேபிஸ் ஊசி தேவைப்படும்.